முதியோருக்காக வாதாடிய திருகாணி வர்த்தகர்

பண்டாரவளைக்கு அப்பால் உள்ள தியத்தலாவையை நம் வாசகர் யாவரும் அறிவர். 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் யுத்தக் கைதிகள் ஏறக்குறைய 5,000 பேரைக் கப்பலேற்றிக் கொணர்ந்து அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அந்த யுத்தத்தை முன்னின்று நடத்திய மந்திரியே, வயோதிபத் தொழிலாளருக்கு உபகாரச் சம்பளம் வேண்டுமென்று வாதாடிய மனிதர் என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கும். நாமும் வியந்தோம். அவர் பெயர் ஜோசப் சேம்பர்லேன்.

1836இல் லண்டனில் பிறந்தார். தந்தையார் பாதரட்சை வியாபாரி. பதினாறு வயதோடு பள்ளிப்படிப்பு நின்றது. பதினெட்டாவது வயதில், குடும்பத்தார் பங்குதாரராய்ச் சேர்ந்த திருகாணித் தொழிற்சாலையைக் கவனிக்கப் பேர்மிங்ஹாம் நகருக்கு அனுப்பப்பட்டார். கணக்கிலும் விற்பனையிலும் கெட்டிக்காரர். இங்கிலாந்தில் உற்பத்தியான திருகாணிகளிற் பெரும்பங்கு அவரது கம்பெனியுடையதாயிற்று. 1874இல், முப்பத்தெட்டாவது வயதில், பெருஞ்செல்வத்தோடு வியாபாரத்தை விட்டு விலகினார். அதற்கு முன்னரே நகர மேயராகியிருந்தார்; பின்னர் அப்பதவியில் இருந்தபடியே தண்ணீர், எரிவாயு ஆகிய இரண்டையும் தனியார் கையிலிருந்து நகரசபைக்கு வாங்கினார். 1876இல் பாராளுமன்றம் புகுந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில், உழைத்துத் தேய்ந்த ஏழைக் கிழவருக்குக் கடைசிப் புகலிடம் தரும விடுதியே. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். ஆயுள் முழுவதும் மானமாய் உழைத்தவர்களைப் பிச்சைக்காரராய் நடத்துவது முறையன்று என்று 1891 முதல் சேம்பர்லேன் வாதாடினார். தொழிலாளி இளமையிற் சிறிது பணம் கட்டவேண்டும். அரசாங்கம் அதனுடன் தன் பங்கைச் சேர்க்கவேண்டும். அறுபத்தைந்து வயதில் வாரம் 5 ஷில்லிங் கிடைக்கவேண்டும். இதுவே அவர் திட்டம். 1893இல் நியமிக்கப்பட்ட வயோதிப ஏழைகள் பற்றிய விசாரணைக் குழுவிலும் அங்கம் வகித்தார்.

1895இல் குடியேற்ற நாட்டு மந்திரியானார். இலங்கையும் அவர் ஆட்சிக்குட்பட்டது. ஊவாவின் தேயிலை மலைகளில் நம் முன்னோர் துண்டுக் கடனோடு கொழுந்து பறித்த காலம் அது. பேர்மிங்ஹாம் கிழவனுக்காக உருகிய அந்த உள்ளம், லயத்தில் ஒடுங்கிக் கிடந்த கிழவியை நினைக்கவில்லை. உபகாரச் சம்பளம் என்ற பேச்சே இங்கு எழவில்லை. அவருடைய ஜீவியத்திற் பெருங்குறை இதுவென்று நாம் கருதுகிறோம். ஆயினும் 1897இல் வேலையிற் காயமுற்ற ஆங்கிலத் தொழிலாளருக்கு நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேற முன்னின்று உழைத்தவர் அவரே என்பதையும் மறைக்கலாகாது.

போயர் யுத்தம் கஜானாவைக் காலியாக்கியது. முதியோர் திட்டம் மூலைக்குப் போயிற்று. 1903இல் பதவி துறந்தார். 1906 யூலையில், எழுபதாவது பிறந்த தினக் கொண்டாட்டம் முடிந்த சில நாட்களில், பாரிசவாதம் அவரை வீழ்த்தியது. 1908இல் எதிர்க்கட்சியாரே முதியோர் சட்டத்தை நிறைவேற்றினர். எழுபது வயதான ஏழைகளுக்கு 1909 ஜனவரி முதல் வாரம் 5 ஷில்லிங் வரை; தொழிலாளி ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. பேச்சுத் தடுமாறி வீட்டோடிருந்த சேம்பர்லேன் அதனைக் கண்டு, 1914 யூலை 2ஆம் திகதி காலமானார்.

தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து பணம் கட்டும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இலங்கையில் 1958இல்தான் வந்தது.