மணல் எழுத்து கப்பல் ஏறிய கதை

மணலைப் பரப்பி, விரலால் ஆனா ஆவன்னா எழுதிப் படித்தது நம் பாட்டன், பூட்டன் காலம். அந்த மணல் எழுத்து சென்னையிலிருந்து கப்பல் ஏறிச் சீமைக்குப் போனது. கொண்டு போனவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல்.

அலை மேல் வந்தவர்

பெல் 1753-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். தகப்பனாருக்கு முடிதிருத்தும் தொழில். மகன் பல்கலைக்கழகம் வரை படித்தார். அமெரிக்காவில் சில காலம் வீட்டு வாத்தியாராக இருந்தார். 1787-ல் சென்னை வந்து சேர்ந்தார்.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. ராயபுரத்தை அடுத்து இன்று கிரேன்கள் நிற்கும் கரையில் அன்று வெறும் மணலும் அலையும்தான். கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். நம் படகோட்டிகள்தான் அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்ப்பார்கள்.

1789-ல் எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதி ஒன்று தொடங்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப் போன பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். பெல் அதன் மேற்பார்வையாளர் ஆனார். அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (மற்றப் பதவிகளில் அவருக்குப் பணம் தாராளமாகவே வந்தது!)

எட்டு வயது வாத்தியார்

பிள்ளைகள் அதிகம், வாத்தியார்கள் குறைவு. இருந்தவர்களும் வேலையைக் கற்றுக்கொண்டதும் வேறு நல்ல உத்தியோகம் தேடிப் போனார்கள். பெல் தவித்தார்.

ஒரு நாள் காலை குதிரையில் போனபோது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதிக் கொண்டிருந்தார்கள். பலகை இல்லை, காகிதம் இல்லை, செலவும் இல்லை. பெல் உடனே விடுதிக்குத் திரும்பி, கடைசி வகுப்பில் இப்படியே எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி உத்தரவிட்டார். அந்த வகுப்பு வாத்தியார் முடியாது என்று கைவிரித்தார்.

பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டார். வயது எட்டு. ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். அவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். வாத்தியாரால் முடியாததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்!

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. பெல் அதோடு சேர்த்தது கணக்கு. பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கினார். ஒரு துண்டு நன்றாகத் தெரிந்த பிறகே அடுத்தது. யார் எவ்வளவு படித்தார் என்று தினந்தோறும் பதிவேட்டில் ஏறும். முந்துகிறவன் மேல் வகுப்புக்குப் போவான். பின்தங்குகிறவன் கீழே இறங்குவான். பாடம் பிடிபட்டதா இல்லையா என்று ஏட்டைப் பார்த்தே சொல்லலாம். இன்று கைபேசியில் பாடம் தயாரிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சிறு பாடம், உடனே கேள்வி, அப்புறம் அடுத்த பாடம்.

திப்புவின் அரண்மனைப் பிள்ளைகள் பிணையிலிருந்து 1794-ல் திரும்பியபோது, அவர்களுடன் விடுதி மாணவன் வில்லியம் ஸ்மித்தும் போனான். திப்பு சுல்தான் முன்னிலையில் அறிவியல் கருவிகளை இயக்கிக் காட்டினான்.

சீமையில் சென்னை

1796-ல் பெல் தாய்நாடு திரும்பினார். மறு வருஷம் தம் அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட்டார். அதற்குச் சென்னை முறை என்றே பெயர் நிலைத்தது. லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையில் பள்ளி நடத்தினார். யார் முதல் என்று இருவர் கட்சிக்காரர்களும் சண்டை போட்டார்கள். மணலில் எழுதிய நம் பிள்ளைகளை அந்தச் சண்டையில் யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

பெல்லிடம் குறையும் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் மதபோதனையும் போதும், எழுத்தும் கணக்கும் தேவையில்லை என்று ஒரு சமயம் எழுதினார். மணலில் எழுத்தைக் கண்டவரே இப்படி எழுதியது வேதனைதான். அவர் முறையிலும் ஒப்பித்தல் மிகுந்துவிட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரவர, அது வழக்கொழிந்தது.

1832-ல் பெல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். பெரும் சொத்தைக் கல்விக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தில் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ்.