பெனிசிலின் தந்த பெருமகன்

ஸ்காட்லாந்து நாட்டில் டார்வெல் என்னும் சிற்றூருக்கு அருகே, ஒரு குடியானவர் குடும்பத்தில் 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அலெக்சாண்டர் பிளெமிங் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். இளம் வயதிலேயே லண்டன் மாநகர் சென்று, கப்பல் கம்பெனி ஒன்றில் நான்கு ஆண்டுகள் எழுத்தராக உழைத்தார். உறவினர் விட்டுச் சென்ற சிறு சொத்து கைக்கு வரவே, 1901-இல் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆராய்ச்சியாளரானார்.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் பணியாற்றிய பிளெமிங், புண் சீழ் பிடித்து மடிந்த வீரர்கள் பலரைக் கண்டு மனம் வருந்தினார். உடலுக்குத் தீங்கின்றிக் கிருமியை மட்டும் அழிக்கும் மருந்து கிடைக்காதா என்ற ஏக்கம் அவரை விடவில்லை.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியவர், கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூஞ்சணம் பூத்திருப்பதைக் கண்டார். வேறொருவராயின் கழுவி வைத்திருப்பார். பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் கரைந்திருந்ததை அவர் கூர்ந்து நோக்கினார். பெனிசிலின் பிறந்தது! அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த புளோரியும் செயினும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1941-இல் அம்மருந்தைப் பெற்ற காவலர் ஒருவர் தேறி வந்தார். மருந்து தீர்ந்துபோகவே, நோய் முற்றி இறந்தார்.

1945-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையிலும் பிளெமிங் உலகை எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி, குறைந்த அளவில் உண்ணும் ஒருவனைக் கற்பனையாகக் கூறினார். அவன் உடலில் கிருமிகள் சாகவில்லை. மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டன. அவை மனைவியைத் தொற்றின. அவளுக்கு மருந்து பலிக்கவில்லை, அவள் இறந்தாள்.

1955 மார்ச் 11-இல் பிளெமிங் மறைந்தார். ஆனால் அவர் வாக்கு எய்ட்ஸ் நோயிலும் மெய்யாயிற்று. எச்.ஐ.வி. கிருமி தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை செய்யும். பிழையுள்ள படிகளுள் சில மருந்துக்கு அடங்காதவை. 1987-இல் வந்த ஜிடோவுடின் என்னும் முதல் மருந்தைத் தாங்கும் கிருமிகள் 1989-இலேயே கண்டறியப்பட்டன. ஆகவே 1996 முதல் மும்மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாயினர். ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்ற இரண்டிற்கும் ஒருசேரத் தப்புவது அரிது. எனினும், நோயாளி வேளை தவறினால் இரத்தத்தில் மருந்து குறைகிறது. தப்பிய கிருமி பெருகி, அம்மருந்தையே பயனற்றதாக்குகிறது.

அன்பு மாணவிகளே! மருத்துவர் குறித்த அளவையும் நாளையும் நாமாகக் குறைக்கலாகாது. மீதியைப் பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. நாம் விழுங்க மறந்த ஒரு மாத்திரை, நாம் அறியாத ஒருவர் உயிருக்கும் கேடாகலாம். இதனை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துச் சொல்வோமாக!