இரு முறை இழந்த மோட்டார் ராஜ்யம்

பியூக், காடிலாக், செவர்லே கார்களைக் கேள்விப்படாதவர் குறைவு. அவற்றை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தவர் பெயர் பலருக்குத் தெரியாது. அவர்தான் வில்லியம் டூரான்ட்.

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். பிளின்ட் என்ற ஊரில் வளர்ந்தார். பாட்டனார் மிச்சிகன் மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். பேரனுக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். சுருட்டு விற்றார். இன்சூரன்ஸ் பிடித்தார். எதை எடுத்தாலும் விற்றுவிடுவார். அப்படி ஒரு பேச்சு சாமர்த்தியம்!

1886-ல் ஒரு நாள், நண்பர் ஒருவரின் இரண்டு சக்கரக் குதிரை வண்டியில் ஏறினார். வண்டி குலுங்கவே இல்லை. வில் அமைப்பு அவ்வளவு நேர்த்தி. உடனே ரயில் ஏறி, அந்த வண்டி செய்யும் ஊருக்கே போனார். 1,500 டாலருக்குத் தொழிலையே விலை பேசி முடித்தார். கையில் பணம் கிடையாது! ஊர் திரும்பிப் பாங்கியில் கடன் வாங்கிக் கொடுத்தார். டார்ட் என்ற கூட்டாளியுடன் நடத்திய அந்தத் தொழில், வருஷத்துக்குப் பல்லாயிரம் வண்டிகள் செய்யுமளவு வளர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், மோட்டார் காரை அவர் முதலில் வெறுத்தார். புகையும் சத்தமும் பிடிக்கவில்லை. 1904-ல் நொடித்துக் கிடந்த பியூக் கம்பெனியை ஏற்க அழைத்தபோது, மேடு பள்ளங்களில் தாமே காரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். நான்கே ஆண்டுகளில் பியூக் முன்னணிக்கு வந்தது. 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கி, கம்பெனி கம்பெனியாக வாங்கிக் குவித்தார். 1909-ல் போர்டு கம்பெனியையே விலைக்குக் கேட்டார். 80 லட்சம் டாலர் பேச்சு. போர்டு ரொக்கம் கேட்டார், பாங்கிகள் கைவிரித்தன.

1910-ல் கடன் கழுத்தை நெரித்தது. பணம் கொடுத்த பாங்கிகள் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டன.

அவர் மூலையில் உட்காரவில்லை. 1911-ல் பந்தயக் கார் வீரர் லூயி செவர்லேயுடன் சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கினார். செவர்லே கார் நன்றாக விற்றது. அதன் பங்குகளைக் கொடுத்து, ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளைச் சத்தமில்லாமல் சேர்த்தார். 1916-ல் மறுபடியும் தலைவர்!

1920-ல் வியாபாரம் படுத்தது. பங்கு விலை சரிந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க, கடன் வாங்கிப் பங்குகளை வாங்கினார். சரியும் மதிலுக்குத் தோள் கொடுத்த கதைதான். டூபான்ட் குடும்பத்தாரும் மார்கன் பாங்கியும் கடனிலிருந்து மீட்டார்கள். பதவி போயிற்று. பிறகு திரும்பவே முடியவில்லை.

1921-ல் தம் பெயரில் தொடங்கிய கார் கம்பெனியும் 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் அழிந்தது. 1936-ல் திவாலானார். கடன் 9 லட்சம் டாலருக்கு மேல். சொத்து என்று காட்டியது உடுதுணிகள். மதிப்பு 250 டாலர்.

அப்புறம் பிளின்ட் நகரிலேயே பந்து உருட்டும் விளையாட்டுக் கூடமும், சிற்றுண்டிக் கடையும் நடத்தினார். 1942-ல் பக்கவாதம் தாக்கியது. கடைசிக் காலத்தில் அவருக்கு உதவித்தொகை கொடுத்தவர்கள், ஜெனரல் மோட்டார்ஸில் அவருடன் இருந்த பழைய சகாக்கள். 1947 மார்ச் 18-ந் தேதி நியூயார்க்கில் காலமானார்.