ஆரிகன் ஆலையிலிருந்து அந்தமான் சிறைக்கு

மனிதர் யாவரும் சமம் என்று 1776ஆம் ஆண்டில் உலகறிய முழங்கிய நாடு அமெரிக்கா. அங்கே பிழைக்கப் போன பஞ்சாபி உழவர் ஒருவர், அம்முழக்கத்தை அந்நாட்டார் பலரைவிட உண்மையாக நம்பிவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை பதினாறு ஆண்டுச் சிறைவாசம். அவர்தான் பாபா சோகன் சிங் பக்னா.

1870இல் பிறந்தவர். பக்னா, அமிர்தசரசை அடுத்த அவரது ஊரின் பெயர். 1909இல் சியாட்டில் துறைமுகத்தில் இறங்கி, ஆரிகன் மாநிலத்து மர அறுவை ஆலையில் கூலியானார். லிங்கனைப் போற்றும் மண்ணில் இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்தது ஏளனந்தான். பக்கத்து மாநிலத்துப் பெல்லிங்காம் நகரில், 1907லேயே வெள்ளையர் கும்பல் இந்தியரை அடித்து விரட்டியிருந்தது. அடிமை நாட்டானுக்கு அயல்நாட்டிலும் மதிப்பில்லை என்று பக்னா தெளிந்தார்.

1913இல் கதர் கட்சி பிறந்தது. (கதர் என்றதும் நம் கைராட்டைத் துணியை எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! இந்தக் கதருக்குக் கிளர்ச்சி என்று பொருள்.) பக்னா தலைவர், லாலா ஹர்தயாள் செயலாளர். பிரிட்டிஷ் முடியை உதறி அமெரிக்கா குடியரசானதுபோல் இந்தியாவும் ஆகவேண்டும் என்பதே அவர்கள் கனவு. அதே அமெரிக்கா, 1917இல் பிரிட்டனின் நேசநாடானதும், கதர் கட்சியினரை சான் பிரான்சிஸ்கோவில் கூண்டிலேற்றியது!

அதற்குள் பக்னா சிறைப்பட்டிருந்தார். 1914இல் போர் மூண்டதும் தாயகம் திரும்பியவரைக் கல்கத்தாவிலேயே கைது செய்தனர். லாகூர் சதி வழக்கில் தூக்குத் தண்டனை. பின்னர் அது ஆயுள் தண்டனையாயிற்று. பத்தொன்பதே வயதான கர்த்தார் சிங் சராபாவுக்கோ அந்த இரக்கம் கிட்டவில்லை.

1915 டிசம்பரில் அந்தமான். ஏழு சிறகுகள் கொண்ட செல்லுலார் சிறை. ஒருவர் முகத்தை ஒருவர் காணமுடியாத தனி அறைகள். மாடு இழுக்கவேண்டிய எண்ணெய்ச் செக்கில் மனிதர்கள்! கைதிகளை மனிதராக நடத்தக் கோரி, பக்னா மீண்டும் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார். தோழர்கள் சிலர் அங்கேயே மடிந்தனர்.

1921இல் அவரைக் கொண்டுவந்த இடம், நம் வ.உ.சி. செக்கிழுத்த கோவைச் சிறை. பின்பு எரவாடா. அங்கே தாழ்த்தப்பட்ட மஜ்பி சீக்கியரை மற்றவரோடு ஒரே பந்தியில் உட்காரவிடவில்லை. பக்னா மறுபடியும் உண்ண மறுத்தார். இம்முறை எதிரே நின்றது வெள்ளையன் மட்டுமா? நம்மவர் சாதியுந்தான்.

1930இல் விடுதலை பெற்றார். அதன்பின் உழவர் இயக்கத்தில் உழைத்து, இந்தியா குடியரசானதையும் கண்டு, 1968 டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.