துன்பவேளையிலும் செபத்தைக் கைவிடாத புனித யோசப் வாஸ் அடிகளார்

அன்பான மாணவர்களே, பரீட்சை நெருங்கும்போதும் வீட்டில் கஷ்டம் வரும்போதும் நீங்கள் இறைவனிடம் செபிக்கிறீர்கள். கேட்டது கிடைக்காதபோது சில வேளைகளில் சோர்ந்தும் போகிறீர்கள். அப்படிச் சோர்ந்துபோகப் பல காரணங்கள் இருந்தும் செபத்தைக் கைவிடாத ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் கற்போம்.

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆந் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1685இல் கோவாவின் இந்தியக் குருக்கள் அமைத்த ஓரட்டோரியன் சபையிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் இலங்கையின் நிலை என்ன என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 30 ஆண்டுகளாக மக்கள் குருக்களின்றி வாழ்ந்தனர். இதனைக் கேள்வியுற்ற அடிகளார், 1687இல் ஓர் ஏழைக் கூலியாளைப் போல மாறுவேடம் பூண்டு, யோவான் என்னும் துணையாளருடன் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தை அடைந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டத்தால் வருந்தினார். நோய் குணமானதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு யார் நெகிழ்கிறார்களோ அவர்கள் கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார்.

சில்லாலையில் தங்கிய அவர், இரவு வேளைகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர், செபிக்கக் கூடியிருந்த மக்களைச் சுற்றிவளைத்தனர். பலர் கைதுசெய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். அடிகளார் மட்டும் பிடிபடவில்லை. தம்மோடு செபித்தவர்கள் துன்புறத் தாம் தப்பியது எவ்வளவு பெரிய வேதனை என்பதை எண்ணிப் பாருங்கள். எனினும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளம் சென்று பணியைத் தொடர்ந்தார்.

1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். அங்கே சிங்கள மொழியைக் கற்றார். சிறு குடிசை ஒன்றைக் கோவிலாக அமைத்துச் செபித்தார். 1693இல் கடும் வரட்சி ஏற்பட்டபோது, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் செபிக்க, மழை பெய்ததாக மரபு கூறுகின்றது. இதன்பின் அவர் சுதந்திரமாகப் பணியாற்ற மன்னர் அனுமதித்தார்.

ஆனால் 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. அச்சத்தால் உறவினர்களே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரோ தம் மருமகனான யோசப் கர்வாலோ அடிகளாருடன் அவர்களைத் தேடிச் சென்றார். உணவளித்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். சமய வேறுபாடு பார்க்கவில்லை.

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இப்பணியில் இணைந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். யோசப் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை அருளாளராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

மாணவர்களே, ஒருமுறை செபித்தபோது மழை பெய்தது. இன்னொரு முறை செபிக்கக் கூடியபோது படைவீரர் வந்தனர். இரண்டு நிலைகளிலும் அவர் செபத்தை நிறுத்தவில்லை. செபித்து எழுந்த ஒவ்வொரு முறையும் துன்பப்படுவோரிடமே சென்றார். இறைவனைத் தேடுதல் என்பதன் பொருளை அவரது வாழ்விலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் செபித்து எழுந்ததும், உங்கள் வகுப்பிலோ அயலிலோ தனித்திருக்கும் ஒருவரைச் சென்று பாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக: யோசப் வாஸ் அடிகளாரின் செபவாழ்வுக்கும் அவரது மனிதநேயப் பணிக்கும் இடையிலான தொடர்பை இரு நிகழ்ச்சிகள் கொண்டு விளக்குக.