கோட்டையூர் தந்த கொடைக்குடி

ஒரு குடியின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று. அது மக்களுக்கு இடும் பெயரில் வாழும். வழிவழியாகக் குடியிருக்கும் வீட்டில் வாழும். முன்னோர் விட்டுச் சென்ற வழக்கத்தில் வாழும். இம்மூன்றையும் கண்ணெனக் காத்து வருவோர் செட்டிநாட்டு நகரத்தார். அம்மரபில் தோன்றித் தம் குடியின் எல்லையை நாடளாவ விரித்தவர், கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் ஆவார்.

காரைக்குடிக்கு அருகில் அமைந்தது கோட்டையூர். வானத்தை நோக்கி வாழும் நிலம் அது. மழை பொய்த்தால் விளைவும் பொய்க்கும். ஆகவே அந்நாட்டு நகரத்தார் வாணிகத்தை நம்பி வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் பருமா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கப்பலேறிச் சென்றனர்; ஆங்கே வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். ஈட்டிய பொருளைக் கொண்டு தம் ஊர்களில் வானளாவிய மாளிகைகளை எழுப்பினர்.

அம்மாளிகைகளின் நடுவே வளவு என்னும் திறந்த முற்றம் விளங்கும். அதனைச் சுற்றி மணமான மைந்தர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை உண்டு. உலை தனியாயினும் வீடு ஒன்றே. பாட்டனார் பெயரைப் பேரனுக்கும், பாட்டியார் பெயரைப் பேத்திக்கும் இடுவது அவர்தம் வழக்கம். பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளும் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மேனோக்கிச் செல்லும். ஆதலின் ஒருவர் பெயரை விரித்துரைத்தால், அவர்தம் குடிவழி முழுவதும் விளங்கிவிடும். வாணிகத்தில் வரும் ஊதியத்தில் ஒரு பகுதியை மகமை என ஒதுக்கி அறத்திற்குச் செலவிடுவதும் அவர்தம் தொன்றுதொட்ட வழக்கமாகும். கோயில்களைப் புதுப்பித்தல், குளம் வெட்டல், சத்திரம் அமைத்தல் ஆகியவை இவ்வகையில் நிகழ்ந்தன.

இத்தகைய குடியொன்றில், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மைந்தராக, 1909ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். செல்வர் வீட்டுச் சிறுவர் பலர், கணக்குப் பயின்றவுடன் கடைக்குச் செல்வது அந்நாளைய இயல்பு. அழகப்பரோ கல்வியை நாடினார். காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்தபின், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் கற்றுப் பாரிஸ்டர் ஆனார். வானூர்தி ஓட்டவும் அங்கே பயின்று சான்றிதழ் பெற்றார்.

தாயகம் திரும்பியபின் முன்னோர் தொழிலாகிய வாணிகத்தைப் புதுவழியில் செலுத்தினார். திருச்சூருக்கு அருகே நூற்பாலை ஒன்றை நிறுவினார். அவ்விடம் இன்றும் அழகப்ப நகர் என அவர் பெயரால் வழங்குகின்றது. வானூர்திப் போக்குவரத்திலும் ஈடுபட்டார்.

ஆயின் செல்வம் நிலையற்றது என்பதை அக்காலச் செட்டிநாடு கண்கூடாகக் கண்டது. 1942இல் சப்பானியர் பருமாவைக் கைப்பற்றியபோது, ஆங்கிருந்த நகரத்தார் பலர் தலைமுறை தலைமுறையாகத் தேடிய பொருளை இழந்து தாயகம் மீண்டனர். அழிவில்லாச் செல்வம் கல்வி ஒன்றே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அழகப்பர் தம் கொடையைக் கல்வியின்பால் திருப்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் ஈந்த ஐந்து இலட்சம் ரூபாயைத் துணையாகக் கொண்டு, கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் தோன்றியது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளரவும் அவர் பொருள் உதவினார்.

அந்நாளில் காரைக்குடிப் பகுதி மாணவர் கல்லூரியிற் பயில விரும்பினால், புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ செல்லுதல் வேண்டும். பொருளில்லார் படிப்பு பள்ளியோடு நின்றது. 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் சென்னையில் நடைபெற்றது. அங்குப் பேசிய துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் நிறுவச் செல்வர்கள் முன்வர வேண்டும் என வேண்டினார். கூட்டத்திலிருந்த அழகப்பர் உடனே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி அமைக்க உறுதி கூறினார். சொல்லும் செயலும் அவரிடத்தில் வேறுவேறல்ல. மறு திங்களே காரைக்குடியில் காந்தி மாளிகை என்னும் இல்லத்தில் கல்லூரி தொடங்கியது.

ஒரு விதை பல மரமாயிற்று. பொறியியற் கல்லூரி, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, பள்ளிகள் என ஒன்றன்பின் ஒன்றாகக் கல்வி நிலையங்கள் எழுந்தன. நடுவண் அரசு மின்வேதியியல் ஆய்வகம் ஒன்றை அமைக்க எண்ணியபோது, அது காரைக்குடியில் அமைதல் வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அழகப்பர் வழங்கினார். 1948ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்து வைத்தார்.

நகரத்தார்க்கு வீடு என்பது வெறுங் கட்டடமன்று. பிறப்பும் மணமும் இறப்பும் நிகழும் குடியின் நிலைக்களம் அது. அதனை விடுதல், கைப்பொருளை விடுதலினும் அரிது. அழகப்பரோ தாம் வாழ்ந்த மாளிகையையும் மகளிர் கல்விக்கென மனமுவந்து அளித்தார். அன்னையார் பெயரைத் தம் மகளுக்கு இட்டுக் குடிமரபைக் காத்த அவரே, குடியின் வீட்டைப் பிறர் மக்களுக்குத் திறந்துவிட்டார். ஆங்கில அரசு தந்த சர் என்னும் பட்டத்தையும் நாடு விடுதலை பெற்றபின் துறந்தார்.

இவ்வளவும் உடல்நலத்தோடு செய்தவை அல்ல. தீரா நோய் அவரை நெடுங்காலம் வாட்டியது. நோய் உடலைத் தளர்த்தியதேயன்றி உள்ளத்தைத் தளர்த்தவில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு நாற்பத்தெட்டு ஆண்டு நிறைந்திருக்கும். அவர் வித்திட்ட கல்வி நகரில் 1985இல் தமிழக அரசு நிறுவிய பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

குடிவழியை ஓலையில் எழுதினால் சில பெயர்களே அடங்கும். அழகப்பர் அமைத்த நிலையங்களிற் பயின்று, தம் குடும்பத்தில் முதற் பட்டதாரியாய் வெளிவந்தோரை எவ்வோலையில் எழுதுவது? அவர் அனைவரும் கோட்டையூர்க் குடியின் வழித்தோன்றல்களே அன்றோ! பிறந்த குடியை உயர்த்துவது பெருமை. பிறர் குடியையும் தம் குடியாக எண்ணி உயர்த்துவது அதனினும் பெருமை. அழகப்பரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.