பேர்ண் மண்ணின் ஓவியர் பவுல் கிளே

பேர்ண் நகரின் கிழக்கு எல்லையில், நெடுஞ்சாலையோரமாக, மூன்று அலைகள் எழுந்து நிற்பது போன்ற கட்டடத்தை எம்மிற் பலர் கண்டிருப்போம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைக்க, 2005 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பவுல் கிளே நிலையம் அது. ஏறத்தாழ 4,000 ஆக்கங்கள் அங்கே பேணப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தாளில் அமைந்தவை, ஒளிபட்டால் மங்கக்கூடியவை. ஆதலால் அவை சிறுசிறு தொகுதிகளாக மாறிமாறிக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

பவுல் கிளே 1879 டிசம்பர் 18 இல், பேர்ணுக்கு அண்மையிலுள்ள முன்சன்புக்சே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை யேர்மனியர், இசை ஆசிரியர். தாய் சுவிஸ் நாட்டுப் பாடகி. ஏழு வயதில் வயலின் பயிலத் தொடங்கிய கிளேக்கு வண்ணச் சுண்ணக்கோல்களைத் தந்து வரையப் பழக்கியவர் அவருடைய பாட்டியார். பள்ளிக் கொப்பிகளின் ஓரங்களும் சித்திரங்களால் நிறைந்தன. பிற்காலத்தில் தம் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதியபோது, சிறுவயதுச் சித்திரங்கள் சிலவற்றையும் அதிற் சேர்த்துக்கொண்டார்.

1898 இல் ஓவியம் பயில மியூனிக் சென்றார். 1906 இல் பியானோக் கலைஞர் லிலியை மணந்தார். மனைவி இசை கற்பித்துப் பொருளீட்ட, மகனை வளர்த்துச் சமையலையும் கவனித்தபடி வரைந்தார். 1914 இல் மேற்கொண்ட துனீசியப் பயணம் வண்ணங்களின் ஆற்றலை அவருக்கு உணர்த்தியது. 1921 முதல் பத்தாண்டுகள் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடத்தில் ஆசிரியராக விளங்கினார்.

1933 இல் நாசி ஆட்சியினர் அவரது பேராசிரியர் பதவியைப் பறித்தனர். அவ்வாண்டின் இறுதியில் அவர் பேர்ணுக்கு மீண்டார். யேர்மனியப் பொது அரங்குகளிலிருந்த அவரது நூற்றுக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் பின்னர் பறிமுதலாயின. 1935 முதல் தோல் இறுகும் கொடிய நோய் அவரை வருத்தியது. ஆயினும் 1939 ஆம் ஆண்டில் மாத்திரம் 1,200 இற்கும் மேற்பட்ட ஆக்கங்களைப் படைத்தார்.

இங்கே பிறந்து, இங்கே கற்று வளர்ந்தும், தந்தைவழிச் சட்டப்படி அவர் யேர்மனியராகவே கருதப்பட்டார். சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த அவர், முடிவு வருமுன்னரே 1940 யூன் 29 இல் காலமானார். நிலையத்துக்கு அருகிலுள்ள சோசால்டே மயானத்தில் அவரது அஸ்தி அடங்கியுள்ளது.

பிறந்த மண்ணின் கடவுச்சீட்டுக்குக் காத்திருத்தலின் பொருளை எமது பெற்றோரும் பிள்ளைகளும் நன்கறிவர். அன்று குடியுரிமை பெறாது மறைந்தவரை இன்று பேர்ண் தன் மைந்தரெனப் போற்றுகின்றது. மாணவச் செல்வங்களே, பெற்றோருடன் ஒருமுறை அந்நிலையத்துக்குச் சென்று வாருங்கள். உங்கள் கொப்பியோரச் சித்திரங்களையும் பத்திரப்படுத்துங்கள்.